ஆடி மாசத்து மூட்டை

தையல்காரிக்கு வருஷப் பிறப்பு ஆவணி முதல் தேதி. அன்றைக்கு முகூர்த்த ஜாக்கெட்டுகள் வர ஆரம்பிக்கும். அது அடங்குவதற்குள் தீபாவளித் துணி வந்து குவியும். மார்கழியில் கொஞ்சம் மூச்சு விடலாம். தை பிறந்தால் வைகாசி வரை கல்யாணம் மாற்றிக் கல்யாணம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் யூனிஃபார்ம். அதையும் கொடுத்து முடித்து, ஆணியில் தொங்கும் அளவு ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து சுவர் தெரிய ஆரம்பித்தால் ஆடி வந்துவிட்டது என்று அர்த்தம். ஜவுளிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும்; ஆனால் அங்கே வாங்கிய துணி எங்கள் கைக்கு ஆவணியில்தான் வரும். காஜிமார் தெருப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு ஆடியும் ஐப்பசியும் ஒன்று, அவர்கள் வீட்டு நிக்காஹ் துணி மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.

மதுரையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆடியை மட்டும் நான் வீட்டு வேலைக்கென்று ஒதுக்கிவிடுவேன். போர்வை, தலையணை உறை, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துணி, தெருக்கோடி அம்மனுக்குப் பாவாடை, காய்கறிப் பை. கூலி வராத மாதம் என்று மற்ற டெய்லர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ அந்த மாதத்து வேலைதான் இந்தத் தொழிலை உள்ளும் புறமுமாகக் காட்டிக் கொடுத்தது. அதற்கான துணியெல்லாம் மற்றப் பதினோரு மாதமும் மெஷினுக்கு அடியில் விழுந்ததுதான். எந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று யாராவது கேட்டால் என் பிட்டுத்துணி மூட்டைகளைப் பிரித்துக் காட்டலாம்.

அந்த மூட்டை எப்படிச் சேருகிறது என்பதிலேயே ஒரு தொழில் தர்மம் உண்டு. தையல்காரன் துணி திருடுவான் என்பது ஊர் உலகம் அறிந்த பேச்சு. அதனால் நான் தொழில் கற்றுக்கொண்ட வீட்டில், உள்ளங்கை அகலத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதை ஜாக்கெட்டோடு ஊக்குக் குத்தித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தத் துண்டை அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அக்குளில் கிழியும்போது ஒட்டுப் போட அதே நிறத் துணி வேண்டுமே. "டெய்லரு, மிச்சத் துணி எங்கே?" என்று கேட்காமல் ஒரு ஆச்சியும் படி இறங்கமாட்டார். இப்போது அந்தத் துண்டை மடித்துக் கொடுத்தால், "இத வச்சு நான் என்னக்கா செய்யப் போறேன், நீங்களே குப்பையில போட்டுருங்க" என்கிறார்கள். எனக்கு மூட்டை பெருத்தது இப்படித்தான். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல்.

80களின் தொடக்கத்தில் விழுந்த துணி எல்லாம் ஃபுல்வாயிலும் டூ பை டூவும்தான். ஜாக்கெட்டுக்கு லைனிங் கொடுப்பது பட்டுக்கு மட்டும். புடவைக்கு மேட்ச் பார்த்து வாங்கும் அந்த ஜாக்கெட் துணி, ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து சாயலில் கிடைக்கும். கத்தரிப்பூ, மாம்பழம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு. மெல்லிசாக இருந்தாலும் நெசவு நெருக்கம். பத்து வருஷம் துவைத்தாலும் நிறம் மங்குமே தவிர நூல் பிரியாது. போர்வைக்கு அதைவிட நல்ல துணி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் ஜாக்கெட் பிட்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 80 சென்டிமீட்டர் துணியில் முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாம் எடுத்த பிறகு சதுரமாக ஒன்றும் மிஞ்சாது. கைக்குழி வளைவில் விழுந்த பிறைத் துண்டு, ஓரத்தில் விழுந்த நீளப் பட்டை, இவ்வளவுதான். அதுவும் முன்பாகம் கிராஸ் கட்டிங் என்பதால் அதன் பக்கத்தில் விழுவது எல்லாம் குறுக்கு நூல். பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அப்படிப்பட்ட துண்டுகளை நேருக்கு நேர் வைத்துத் தைத்தால் போர்வை அலை அலையாக நெளியும்.

அதற்கு என் மாமியார் காலத்திலிருந்து வீட்டில் ஒரு வழி இருந்தது. கிழிந்த வேட்டியை எடுத்து ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டிக்கொள்வது. ஒரு சதுரத்தின் மேல், மூலையிலிருந்து மூலைக்கு முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய வைப்பது. அதன் மேல் இரண்டாவது பட்டையைக் கவிழ்த்து வைத்து ஓரத்தில் ஒரு தையல், விரித்து நகத்தால் ஒரு கீறல். பிறகு மூன்றாவது. இரண்டு பக்கமும் இப்படியே சேர்த்துக்கொண்டு போய் வேட்டித் துண்டு மறைந்ததும், திருப்பிப் போட்டு வேட்டியின் ஓரத்தை அளவாக வைத்துச் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். நேர் நூலில் வெட்டிய வேட்டி அடியில் இருப்பதால் மேலே இருக்கும் குறுக்கு நூல் துண்டுகள் எங்கேயும் நகர முடியாது. கோணல்மாணலான பட்டைகள் ஒரே அளவுச் சதுரமாகிவிடும். கல்யாண ஜாக்கெட்டில் கை ஏறவில்லை என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் நூலோட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்தப் பார்வை எனக்கு வந்தது போர்வைத் துண்டிலிருந்து.

சேர்ப்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஆள் போர்வை 42 அங்குல அகலம், 84 அங்குல நீளம் என்று வைத்துக்கொண்டால், தைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்கும் சதுரங்கள் அகலத்தில் 7, நீளத்தில் 14, மொத்தம் 98. ஒவ்வொரு சேர்மானத்திலும் ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலம் உள்ளே போகும். கால் அங்குலம் என்பது எங்கள் பேச்சில் இரண்டு நூல். கை தளர்ந்து மூன்று நூல் பிடித்துவிட்டால் ஒரு சேர்மானத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நூல் கூடுதலாகப் போகும். நீளத்தில் 13 சேர்மானம் என்பதால் மூன்றேகால் அங்குலம் காணாமல் போய்விடும். அதிலும் ஒரு வரிசை சரியாகவும் பக்கத்து வரிசை தப்பாகவும் இருந்தால் இரண்டையும் சேர்க்கவே முடியாது. என்னிடம் தொழில் பழக வரும் பெண்களுக்கு ஜாக்கெட்டைக் காட்டுவதற்கு முன் இந்தச் சதுரங்களைத்தான் கொடுப்பேன். பத்துச் சதுரத்தை வரிசையாகச் சேர்த்து டேப்பை வைத்துப் பார்த்தால் 60 அங்குலமும் ஓரத்துக்கு அரை அங்குலமும் நிற்க வேண்டும். அது நின்றால் ஜாக்கெட்டைத் தொடலாம்.

அடித்துணிக்கும் நடுத்துணிக்கும் பழைய பருத்திப் புடவைதான். அஞ்சரை மீட்டர்ப் புடவையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 108 அங்குல நீளத்துக்கு இரண்டு மடிப்புக் கிடைக்கும். அதன் அகலம் 45 அங்குலம் என்பதால்தான் போர்வையின் அகலத்தை 42 என்று வைத்தோம். நடுவில் இன்னொரு புடவையை மடித்துப் போட்டால் மார்கழிக் குளிருக்கும் போதும். மதுரைக் குளிர் எவ்வளவு பெரிய குளிர்!

இந்த அடுக்கைத் தைப்பதில்தான் மெஷினின் குணம் தெரியும். அடியில் இருக்கும் பல் அடித்துணியைப் பின்னால் இழுக்கும். மேலே இருக்கும் பாதம் மேல்துணியை அழுத்திப் பிடித்து நிறுத்தும். இரண்டு துணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாலைந்து அடுக்கு என்றால் ஓரத்துக்குப் போகும்போது மேல்துணி இரண்டு அங்குலம் மிஞ்சிச் சுருங்கி நிற்கும். அதனால் மெஷினுக்குப் போகும் முன் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சூரியக் கதிராகக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து கூடும். ஊசி 16 நம்பர். வழக்கமான 14 இத்தனை அடுக்கில் வளைந்து பாபின் கேஸில் மோதி ஒடியும். தையல் நீளத்தைப் பெரிதாக்கி, மிதியை நிதானமாக மிதிக்க வேண்டும்.

நூலைப் பற்றியும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மதுரா கோட்ஸ் மில்லை எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் இன்றும் ஹார்வி மில் என்றுதான் சொல்வார்கள். அதன் பருத்தி நூல்கண்டில்தான் நாங்கள் எல்லோரும் தொழில் படித்தோம். பிறகு பாலியஸ்டர் நூல் வந்தது. அறுகாது, ஜாக்கெட்டுக்கு நல்லது. பழம்புடவைப் போர்வைக்கு மட்டும் நான் அதைப் போடுவதில்லை. போர்வையைத் தூக்கத்தில் யாராவது இழுத்தால் நூல் அறுக வேண்டும், துணி கிழியக் கூடாது. அறுந்த நூலை மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

80களின் பிற்பகுதியில் மூட்டையின் நிறம் மாறியது. பாலியஸ்டர் புடவையும் அதற்கேற்ற ஜாக்கெட் துணியும் வந்தன. பெண்களுக்கு அது பெரிய விடுதலை என்பதை மறுக்கமாட்டேன். கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், காலையில் துவைத்தால் மதியம் காய்ந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் போர்வைக்குள் அதைப் பருத்தியோடு கலந்தால் முதல் துவைப்பிலேயே பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காமல் நிற்கும், இரண்டுக்கும் நடுவே சதுரம் உப்பிக்கொண்டு கிடக்கும். அதனால் அந்த வருஷங்களிலிருந்து இரண்டு மூட்டை வைக்க ஆரம்பித்தேன். ஒன்று போர்வைக்கு, இன்னொன்று பைக்கும் கால்மிதிக்கும். எதை எந்த மூட்டையில் போடுவது என்று சந்தேகம் வந்தால் இரண்டு இழையைப் பிரித்துத் தீக்குச்சி காட்டுவேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகிவிடும்.

நைட்டி வந்தபோது எனக்குத்தான் முதல் லாபம். அச்சடித்த பருத்தி, அகலமான துண்டுகள், ஆறரை அங்குலச் சதுரம் தாராளமாக விழும். தெருவில் ஆம்பளைகள் நைட்டியைப் பற்றி ஆயிரம் பேசினார்கள், நான் பாட்டுக்குச் சதுரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து சுடிதார். அதன் பேண்ட்டில் விழும் துண்டுகளை வைத்து இரண்டு மூன்று ஆடி ஓடியது.

போர்வையில் ஒட்டுப் போடுவதோடு, துணியின் மேல் துணியை வைத்து உருவம் தைக்கும் வித்தையை நான் பார்த்தது புதுமண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் சிலைத்தூணுக்குத் தூண் மெஷின் போட்டு டெய்லர்கள் உட்கார்ந்திருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. இப்போது அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு, சாமிக் குடை, தேரில் தொங்கும் தொம்பை எல்லாம் அந்த மண்டபத்தில்தான் தைப்பார்கள். காஜா நூலும் ஊக்கும் வாங்கப் போகும்போது ஒரு பெரியவர் கடை ஓரம் நின்று பார்ப்பேன். தொம்பைக்கு அன்னம் வெட்டுவார், யாளி வெட்டுவார். சாக்குக்கட்டியால் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. நாலு மடிப்புத் துணியைப் பிடித்துக் கத்தரியை நகர்த்தாமல் துணியை மட்டும் திருப்புவார். வளைவு பிசிறில்லாமல் வரும்.

"ஐயா, இவ்வளவு பெரிசா ஏன் தையல் போடுறீங்க, அசிங்கமாத் தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ எங்கேருந்து பாக்குற தாயி? இது தேர்ல தொங்கும். ரத வீதியில நிக்கிறவனுக்குத் தெரியணும்" என்றார். சிவப்புத் தரையில் பச்சை அன்னம் என்றால் அதைச் சுற்றி வெள்ளை ஓரம் கட்டாயம் வைப்பார். வெள்ளை இல்லாவிட்டால் தூரத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கலந்து மங்கிவிடும். அந்த ஆடியில் தைத்த போர்வையில் இருட்டு நிறங்களுக்கு நடுவே வேட்டி வெள்ளையில் அரை அங்குலப் பட்டை ஓடவிட்டேன். வாசல் கொடியில் காயப்போட்டால் தெருமுனையிலிருந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

ஆடியில் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை அம்மன் பாவாடை. எங்கள் தெருக்கோடி அம்மன் ஒன்றரை அடிக் கல். பூசாரியிடம் அளவு கேட்டால், "சின்னப் பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி தைச்சிருங்க மதினி" என்பார். அப்படித் தைத்தால் சேராது. கல்லுக்கு இடுப்புக் கிடையாது; மேலிருந்து போட முடியாது; நின்று திரும்பிக் காட்டாது. அபிஷேகம் முடிந்து ஈரத்தோடு இருக்கும்போதே சீக்கிரம் கட்டி அலங்காரம் முடிக்க வேண்டும். அதனால் பூ நூல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சுற்றளவுக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டுத் தரச் சொல்வேன். பாவாடையை மூடித் தைக்காமல் பின்பக்கம் திறந்து விட்டு, மேலே நாடா ஓட்டிக் கொடுப்பேன். கொசுவத்தைப் பின்பக்கம் குறைத்து முன்பக்கம் நெருக்க வேண்டும், சனம் பார்ப்பது முன்னாலிருந்துதானே. பூசாரி இரண்டு நிமிஷத்தில் கட்டி முடித்துவிடுவார். கடையில் விற்கும் ஜிகினாப் பாவாடை பாதிக்கு மேல் இந்தப் பின்திறப்பு இல்லாமல் வருகிறது. வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் பிரித்துத் தரச் சொல்கிறார்கள்.

தலையணை வேலையை மட்டும் ஆடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் ஆடியில்தான் நேரம் கிடைக்கிறது. இலவம்பஞ்சு போடியிலிருந்து வரும். பங்குனி சித்திரையில் காய் வெடித்து, கொட்டை எடுத்து, ஆடிக்குள் நல்ல பஞ்சு கடைக்கு வந்துவிடும். வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கறுப்புக் கொட்டை நிறைய தட்டுப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எடைக்குக் காசு, பிறகு எலிக்கு விருந்து. பஞ்சை உறைக்குள் அடைக்கும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அம்மியைத் தூக்கும் காற்றுக்கு இலவம்பஞ்சு எம்மாத்திரம்! ஒரு வருஷம் பாதி அடைத்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் கதவைத் திறந்தார். சாயங்காலம் எதிர்வீட்டு வேப்பமரம் வரைக்கும் வெள்ளை. குழம்புச் சட்டியில், சாமி படத்தில், அவர் மீசையில் எல்லாம் பஞ்சு. உள் உறைக்கு நெருக்கமாக நெய்த கோடுபோட்ட மெத்தைத் துணிதான் போட வேண்டும். லேசான துணி என்றால் மாதம் முழுக்கப் பஞ்சு இழை கசிந்துகொண்டே இருக்கும். வாய் மூடும் தையலை மெஷினில் போட்டாலும் அதன் மேல் கையால் இன்னொரு வரிசை போட்டுவிடுவேன்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்திருப்பார்கள். அதில் யாராவது மாசமாக இருந்தால் அடுத்த வேலை பழந்துணி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பல தடவை துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன பாட்டி புடவைதான் முதலில் மேலே படும். அதை இரண்டு மடிப்பாக்கிச் சின்ன விரிப்பு தைப்பேன். முக்கியமானது ஓரம். மடித்துத் தைத்த ஓரம் தடித்து நின்றால் பிள்ளையின் கன்னத்தில் கோடு விழும். அதனால் தையலை அடிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கையால் எம்மிங் பண்ண வேண்டும். ஊக்கு, பட்டன், ஜரிகை எதுவும் கூடாது. சுங்குடிப் புடவை என்றால் இன்னும் விசேஷம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஆனால் சிவப்புச் சுங்குடியை வெள்ளையோடு சேர்ப்பதாக இருந்தால், துவைத்த தண்ணீர் தெளிகிற வரைக்கும் தனியாக அலசிவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். கல் உப்பில் ஊற வைத்தால் சாயம் போகாது என்று சொல்வார்கள். நானும் ஊற வைப்பேன், ஆனால் அதை நம்பி அலசாமல் விடமாட்டேன்.

தொழில் பழக வருகிறவர்களுக்கும் ஆடிதான் நல்ல மாதம். லோயர், ஹையர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து அரசாங்கப் பள்ளி யூனிஃபார்ம் தைக்க விரும்புகிறவர்கள், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டத்தில் இலவச மெஷின் கிடைத்தவர்கள் என்று பல பேர் வந்திருக்கிறார்கள். மெஷின் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அதன் மேல் டிவியைத் தூக்கி வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்து அறுந்து அலுத்துப்போய் மூடி வைத்தவர்கள் அவர்கள். மெஷினோடு ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட ஒரு ஆளையும் கொடுத்திருந்தால் பாதிப்பேர் இன்று சம்பாதித்துக்கொண்டிருப்பார்கள். நான் முதல் வாரம் நூல் கோக்க விடுவதில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் வெறும் ஊசி. கோட்டின் மேலே ஓட்டை விழுந்தால் போதும். கால் படிந்த பிறகுதான் நூல். இப்போது மோட்டார் வைத்த மெஷினில் நேரடியாக ஆரம்பிக்கிறார்கள். வேகம் இருக்கிறது, வளைவில் நிறுத்தத் தெரிவதில்லை.

மோட்டார் எனக்கும் உண்டு. மின்வெட்டுக் காலத்தில், 2008-லிருந்து 2012 வரைக்கும், அதைக் கழற்றி வைத்துவிட்டு மிதிகட்டைக்கே திரும்பினேன். அப்போதும் ஆடியில் கரண்ட் கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும், கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் ஓடுகிற மாதமாயிற்றே. தீபாவளி நெருங்கக் காற்றும் நின்றுவிடும், கரண்டும் நின்றுவிடும். மோட்டாரை மட்டும் நம்பியிருந்த கடைகளிலிருந்து துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

2020-ல் என் மூட்டை காலியானது. ஊரடங்கில் துணிக்கடை கிடையாது, வேலையும் கிடையாது. மாஸ்க் தைக்கச் சொல்லி மகளிர் குழுவிலிருந்து கேட்டார்கள். குழுவுக்குத் துணி வந்தது. அது போகத் தெருவில் துப்புரவுக்கு வருகிறவர்களுக்கும் காய்கறி வண்டிக்காரர்களுக்கும் என் மூட்டையிலிருந்து தைத்தேன். இரண்டு மடிப்புப் பருத்தி, மூன்று கொசுவம். எலாஸ்டிக் எங்கேயும் கிடைக்கவில்லை. புடவைக்கரையைக் கிழித்து மடித்து நாடாவாகத் தைத்தேன். முப்பது வருஷத்து வாயில் பிட்டெல்லாம் அந்தக் கோடையில் ஊராரின் மூக்கில் ஏறியது. அந்த வருஷம் ஆடியில் போர்வை இல்லை.

அதற்குப் பிறகு மூட்டை முன்போல நிறையவே இல்லை. துணி குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, முன்னைவிட மூன்று பங்கு விழுகிறது. ஆனால் எல்லா ஜாக்கெட்டுக்கும் லைனிங், உள்ளே கேன்வாஸ், மேலே ஆரி வேலை, நெட்டு, ஒட்டுப் பசை. இஸ்திரி வைத்தால் உருகுகிறது, துவைத்தால் மணி உதிர்கிறது. லெக்கிங்ஸ் துணியில் ஊசி தாவுகிறது. ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு வேலைப்பாட்டோடு ஆயிரக்கணக்கில் கூலி வாங்குகிற காலம் இது. அதிலிருந்து போர்வைக்கு ஒரு சதுரம் தேறுவதில்லை. லைனிங் துணி ஒன்றுதான் பருத்தி. இரண்டு ஆடியாக அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் போர்வை கேட்டு வருகிறவர்கள் இப்போதுதான் அதிகம். ஃபோனில் பார்த்துவிட்டு, பெட்டியில் இருக்கும் பழைய புடவைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன ஆடியில் சென்னையில் கம்பெனி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, இறந்துபோன தன் அம்மாவின் புடவைகளோடு வந்தாள். கூட வந்த அத்தைக்கு இதில் சம்மதமில்லை. "போனவுக சேலைய வச்சுக் கும்பிடுவாக, போத்திக்கிட்டுத் தூங்குவாகளா?" என்று வாசற்படியிலேயே நின்றார். அது அவர்கள் குடும்ப விவகாரம், நான் துணியை மட்டும் பார்த்தேன். இரண்டு பட்டு, மடிப்பில் ஏற்கெனவே வெடித்திருந்தது, ஊசி பட்டால் நீளத்துக்குப் போய்விடும். மூன்று பாலியஸ்டர். இரண்டு சுங்குடி.

"பட்ட அப்படியே வச்சுக்கம்மா. பாலியஸ்டர் பைக்குத்தான் ஆகும். சுங்குடி ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, நடுவுல என் வேட்டித் துணி. நாலாயிரம் ஆகும்."

"கடையில எண்ணூறு ரூபாய்க்கு ரெடிமேடா கிடைக்குதேக்கா."

"அதையே வாங்கிக்கம்மா, அதுவும் போத்தத்தான் செய்யும்."

சிரித்துக்கொண்டே இரண்டாயிரம் முன்பணம் எடுத்து வைத்தாள். ஆடிப் பதினெட்டுக்குள் புடவை என் கையில் இருக்க வேண்டும், ஆவணி பிறந்துவிட்டால் ஊசியை மாற்றிவிடுவேன் என்று சொன்னேன். இரண்டு தடவை அலசி, ஃபால்ஸைப் பிரித்துக் கொண்டுவரச் சொன்னேன். ஃபால்ஸ் பிரிக்கத் தெரியாது என்றாள். வாசலில் நின்ற அத்தைதான், "குடு இங்க" என்று உள்ளே வந்து என் பிளேடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.